பி.ஏ. படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உயர்கல்வித் துறைச் செயலாளர், பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கும் முதுகலை ஆசிரியர். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆர்ட்ஸ் குரூப் பிள்ளைகள். பெரும்பாலோர் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை. அவர்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கலைப் படிப்புகள் எங்கெங்கே இருக்கின்றன, ஒவ்வோர் இடத்திலும் எதை வைத்துச் சேர்க்கிறார்கள், எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பிளஸ் டூவில் என்ன பாடம் படித்திருக்க வேண்டும், என்ன சான்றிதழ் கேட்பார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தமிழ்க் கையேட்டை அரசே தயாரிக்க வேண்டும். அது பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பதற்கு முன்பே பிள்ளைகள் கைக்கு வர வேண்டும்.

பொறியியலுக்கு இந்தக் கவலை இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். மருத்துவத்துக்கு நீட் என்பது குழந்தைக்கும் தெரியும். பி.ஏ. என்று வந்தால் மட்டும் "மார்க் வந்ததும் பக்கத்து காலேஜில் போட்டுவிடலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பக்கத்துக் கல்லூரியைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அரசு கலைக் கல்லூரியில் படித்தவன்தான். பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால் சந்தோஷம். வேறு எதுவும் தெரியாததால் அங்கே போகிறான் என்றால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

முதலில் நம் அரசுக் கல்லூரிகளின் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் மற்ற எல்லாவற்றையும் விட எளிமையானது. மாநிலம் முழுக்க 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் போடலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்ற படிப்புகளுக்கு மொழிப்பாடங்களை நீக்கிவிட்டு நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை 400-க்கு. இதை வைத்து ரேங்க் லிஸ்ட், பிறகு கலந்தாய்வு. 69 சதவீத இட ஒதுக்கீடு அப்படியே நடைமுறையில் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான வாசல் வேறு எங்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதிலும் ஒரு குறை உண்டு. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அதிகம் உள்ள குரூப் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். இதில் வரலாற்றில் 95 எடுத்து, கணக்குப்பதிவியலில் 55 எடுத்த மாணவியும், இரண்டிலும் 78 எடுத்த மாணவியும் பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பித்தால், மற்ற பாடங்கள் சமமாக இருக்கும்போது இரண்டாமவள்தான் முன்னே வருவாள். வரலாற்றின் மீது உயிரையே வைத்திருப்பவள் பின்னே நிற்பாள். கேரளப் பல்கலைக்கழகங்களில், சேர நினைக்கும் படிப்போடு தொடர்புடைய பிளஸ் டூ பாடத்துக்குக் கூடுதல் எடை கொடுத்து 'இண்டெக்ஸ் மார்க்' என்று கணக்கிடுகிறார்கள். நாமும் அதைப் பரிசீலிக்கலாம். மொழிப் படிப்புகளுக்கு அந்தந்த மொழி மதிப்பெண்ணையே பார்க்கிறோமே, வரலாற்றுக்கும் பொருளியலுக்கும் அதில் பாதியாவது செய்யக் கூடாதா?

சரி, இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்திலேயே, நீலக்குடியில், தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2009-இல் வந்தது. அதன் வாசலைக் கடந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் என் பள்ளியிலும் உண்டு. அங்கே இளநிலைப் படிப்பில் சேர 'க்யூட்' என்ற அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பது, பிளஸ் டூ ரிசல்ட் வந்து, மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

தேதிகளைப் பாருங்கள். 2025-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை நடந்தது. க்யூட் விண்ணப்பம் அதே மார்ச் மாதம் 1-ஆம் தேதி திறந்து, நம் தேர்வு முடியும் நேரத்தில் மூடிவிட்டது. பிள்ளை பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் யாராவது பக்கத்தில் இருந்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்க வேண்டும். மே 8-இல் பிளஸ் டூ ரிசல்ட். மே 13-இல் க்யூட் தொடங்கிவிட்டது. க்யூட் முடிவு வந்தது ஜூலை 4. நம் அரசுக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு வகுப்புகளோ ஜூன் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. இரண்டுக்கும் முயற்சி செய்யும் பிள்ளை இங்கே சேர்ந்து, சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, அங்கே இடம் கிடைத்தால் அவற்றைத் திரும்ப வாங்க அலைய வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் பெற்றோர் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கட்டணமும் சொல்லியாக வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய் போதும். க்யூட்டுக்கு 2025-இல் மூன்று பாடம் வரைக்கும் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், ஓபிசி பிரிவுக்கு 900, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 800. அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் சேர ஒரு மொழியும் மூன்று பாடமும் என்று நான்கு தாள் தேவைப்படுகிறது. ஆக 1,000 ரூபாயோடு நிற்காது.

பாடப் பொருத்தம்தான் எல்லாவற்றையும் விடச் சிக்கல். க்யூட்டில் பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் எழுதலாம் என்று 2025-இல் தளர்த்தினார்கள். அதை நம்பி எழுதினால், டெல்லி பல்கலைக்கழகம் பிளஸ் டூவில் படித்த பாடங்களைத்தான் கணக்கில் எடுக்கும் என்கிறது. தேர்வு நடத்துபவர் ஒரு விதி, சேர்ப்பவர் இன்னொரு விதி. அங்கே பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்குக் கணிதம் கட்டாயம். என் வகுப்பில் பொருளியலை விரும்பிப் படிக்கும் ஒரு பிள்ளைகூடக் கணிதம் படிக்கவில்லை, ஏனென்றால் பொருளியலும் கணிதமும் சேர்ந்த குரூப் எங்கள் பள்ளியில் இல்லை. பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குரூப் படிவம் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. அப்போது அவனிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கே அதை முறையாகச் சொல்வதற்கு ஒரு தாள் இல்லை. இந்தக் கையேட்டை பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்பே கேட்பது இதனால்தான்.

அடுத்தது பாடத்திட்டம். க்யூட் கேள்விகள், மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி நிறுவனத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டியவை. அவர்களுடைய பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு ஹரப்பாவில் தொடங்குகிறது. சாஞ்சி, பக்தி இயக்கம், ஹம்பி, முகலாயர் காலத்து உழவர்கள், 1857, காந்தி என்று போய் அரசியலமைப்பில் முடிகிறது. நம் பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு இந்திய தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி, விடுதலைப் போராட்டம் முழுவதையும் சொல்லி, பிறகு ஐரோப்பாவுக்குப் போய் இரண்டாம் உலகப் போரைத் தாண்டி நிற்கிறது. ஹரப்பாவும் 1857-உம் நமக்குப் பதினொன்றாம் வகுப்பில். நம் புத்தகம் மோசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல இடங்களில் அது என்சிஇஆர்டி புத்தகத்தைவிட விரிவானது, தென்னிந்தியாவுக்கு உரிய இடத்தைத் தருவது. ஆனால் நம் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளையும் க்யூட் தாளைப் பார்த்து விழிக்கத்தான் செய்வாள், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்திருந்தாலொழிய.

க்யூட் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் அதில் உண்டு. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு நிம்மதி வருகிறது. ஆனால் என்சிஇஆர்டி பாடநூல் தமிழில் கிடையாது. தமிழில் தேர்வு எழுதலாம், தமிழில் படிக்கப் புத்தகம் இல்லை. இந்த இடைவெளியை நம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்தால் நிரப்ப முடியும். முழுப் புத்தகத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவர்களுடைய இந்த இயல் நம் புத்தகத்தில் எந்த வகுப்பில், எந்த இயலில் இருக்கிறது, எது இல்லவே இல்லை என்று ஒரு பாடத்துக்கு நான்கு பக்கம் போட்டால் போதும். நானும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் மீதியைப் பார்த்துக்கொள்வோம். ஐம்பது கேள்விக்கு அறுபது நிமிடம், சரியானதற்கு 5, தவறுக்கு ஒன்று கழிவு என்ற முறைக்குப் பிள்ளைகளைப் பழக்குவதும் எங்களால் முடியும்.

சான்றிதழ் விஷயத்தை யாரும் பேசுவதே இல்லை. நம் பிள்ளைகளிடம் பிசி அல்லது எம்பிசி என்று போட்ட சாதிச் சான்றிதழ் இருக்கிறது. மாநிலக் கல்லூரிக்கு அதுவே போதும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓபிசி இடம் கேட்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதையும் புதிதாக வாங்கியிருக்க வேண்டும். டெல்லி பல்கலைக்கழகம் அந்த ஆண்டு மார்ச் 31-க்குப் பிறகு வாங்கியதைக் கேட்கிறது. ரிசல்ட் நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடு என்ற ஒரு வரி கையேட்டில் இருந்தால், ஒரு பிள்ளையின் இடம் காப்பாற்றப்படும்.

சட்டமும் கலைப் படிப்போடு சேர்ந்ததுதான். ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிக்க நம் மாநிலத்துக்குள்ளேயே இரண்டு பாதைகள் இருக்கின்றன. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவற்றில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். இணைப்புக் கல்லூரிகளில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் எடுத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஆனர்ஸ் படிக்க 70 சதவீதம் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டத்துக்கும் உண்டு என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் வழி முற்றிலும் வேறு. அங்கே சேர 'கிளாட்' என்ற தேசிய அளவிலான சட்ட நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அது டிசம்பரில் நடக்கிறது, நம் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத முடியும். விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 3,500. கூலி வேலை பார்க்கும் ஒரு வீட்டில் 3,500 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை! இந்தக் கட்டணத்தை அரசு ஏற்கலாம் என்று கேட்கத் தோன்றுகிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஓவியம், சிற்பம், இசை என்று போகும் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். சென்னையில் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்தில் இன்னொன்று. மாமல்லபுரத்தில் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள். இவை எதுவும் நான் மேலே சொன்ன கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தில் வராது, தனியாகப் பார்க்க வேண்டும். நான்காண்டு பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டப்படிப்பில் சேர வரைந்து காட்ட வேண்டும், பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது. நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் வரைந்து வைத்திருக்கும் பையன் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் யாராவது ஒருவன் இருப்பான். அவனுக்கு அந்தத் தேர்வில் என்ன வரையச் சொல்வார்கள், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எங்கே காட்டுவது?

வெளி மாநிலங்களில் இன்னும் பல வழிகள் இருக்கின்றன. மைசூரில் என்சிஇஆர்டி நடத்தும் வட்டாரக் கல்வியியல் நிறுவனத்தில் தென் மாநிலப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் பி.ஏ.வும் பி.எட்.டும் சேர்த்து நான்கே ஆண்டில் முடிக்கலாம். ஆசிரியராக வர விரும்பும் பிள்ளைக்கு அது பெரிய வரம், அதற்கும் தனித் தேர்வு. பெங்களூருவில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தை முழுவதுமாகக்கூட விட்டுக்கொடுக்கிறது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் ஆங்கிலம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளின் நுழைவுத் தேர்வை ரத்து செய்தபோது, மாணவர்களே உண்ணாவிரதம் இருந்து அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மதிப்பெண்ணுக்கும் தேர்வுக்கும் பாதிப் பாதி என்று முடிவானது. ஒரு பி.ஏ. படிப்பில் யாரை எப்படிச் சேர்ப்பது என்பதற்காகப் பிள்ளைகள் பட்டினி கிடந்திருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னபோது, என் பிள்ளைகள் ஆச்சரியத்தோடு கேட்டார்கள்.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றி இவ்வளவு எழுதுவதால் நான் அவற்றை ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். க்யூட்டைத் திரும்பப் பெறக் கோரி நம் சட்டமன்றம் 2022 ஏப்ரல் 11-இல் நிறைவேற்றிய தீர்மானத்தோடு எனக்கு முழு உடன்பாடு. பன்னிரண்டு ஆண்டு படிப்பை ஒரு மணி நேரக் கணினித் தேர்வு ஒதுக்கித் தள்ளுவது தவறு. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே அது சாதகம். ஆனால் தீர்மானம் போட்டு ஆண்டுகள் ஆகியும் க்யூட் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை எதிர்த்துப் போராடுவது அரசின் வேலை. அது நீங்கும் வரைக்கும் எங்கள் பிள்ளைகள் அதைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்மானம் சொல்லவில்லையே.

மதிப்பெண் மட்டுமே பார்த்த காலத்திலும் தகவல் தெரிந்தவர்களே முன்னே போனார்கள். 2021-இல் டெல்லி இந்து கல்லூரியில் அரசியல் அறிவியல் ஆனர்ஸுக்கு முதல் கட்-ஆஃப் 100 சதவீதம். அந்த இடங்களுக்குக் கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் முழு மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். அதைப் பற்றி டெல்லியில் அசிங்கமான பேச்சுகூடக் கிளம்பியது. எனக்கு அந்தச் செய்தியில் வேறொன்று பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அண்ணனோ அக்காவோ ஆசிரியரோ. எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல முன்னே போன அண்ணன் இல்லை. அந்த இடத்தில் அரசு நிற்க வேண்டும் என்கிறேன்.

'நான் முதல்வன்' திட்டத்தின் நல்ல விளைவுகளை என் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். அதில் நடக்கும் 'கல்லூரிக் கனவு' என்ற உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்குப் போய்வந்த பிள்ளைகள் தெளிவோடு திரும்பியிருக்கிறார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பலரைப் படிப்பை விடாமல் காத்திருக்கிறது. ஆனால் கல்லூரிக் கனவு நடப்பது பிளஸ் டூ தேர்வுக்குப் பிறகு, மே மாதத்தில். அதற்குள் கிளாட் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். க்யூட் விண்ணப்பமும் மூடியிருக்கும். குரூப் எடுத்து இரண்டு வருடம் ஓடியிருக்கும். அதே நிகழ்ச்சியை, ஆர்ட்ஸ் குரூப்புக்கென்று தனியாக, பிளஸ் டூ தொடங்கும் ஜூன், ஜூலையில் நடத்த முடியாதா? உயர் நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் செலவை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பில் எந்தெந்த பி.ஏ. படிப்புகள் வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். டெல்லியில் விடுதிச் செலவுக்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் எந்த அப்பாவும் பெண்ணை அனுப்ப மாட்டார்.

கையேடு கனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு படிப்புக்கு ஒரு பக்கம். பி.ஏ. பொருளியல் என்று எடுத்தால், அரசுக் கல்லூரி, தன்னாட்சி பெற்ற உதவிபெறும் கல்லூரி, மத்தியப் பல்கலைக்கழகம், வெளி மாநிலம் என்று நான்கு கட்டங்கள் போதும். பிளஸ் டூவில் கணிதம் வேண்டுமா, ரேங்க் எதை வைத்து, விண்ணப்ப மாதம், கட்டணம், என்ன மொழியில் பாடம் நடக்கும், மூன்றாண்டா நான்காண்டா, ஒதுக்கீட்டுக்கு எந்தச் சான்றிதழ், முடித்தபின் மேலே என்ன படிக்கலாம். நம் வணிகவியல் பாடம் வெளியே எந்தப் பாடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பது போன்ற சந்தேகங்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் நீங்கள் எழுதிக் கேட்டால் பதில் வரும். ஒரு பள்ளி ஆசிரியர் எழுதினால் வருவதில்லை. விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன என்பதால் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு திருத்தத் தாள் அனுப்பினால் நல்லது. உதவிபெறும் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விண்ணப்பம் விற்று, தனித்தனியாகத் தேதி வைப்பதால், குறைந்தது அவற்றின் தேதிகளையாவது ஒரே இடத்தில் போடச் சொல்லுங்கள்.

இதைத் தயாரிக்க முதுகலை ஆசிரியர்களிலிருந்து பாடத்துக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு குழு அமைத்தால், வரலாற்றுப் பகுதியை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். கோடை விடுமுறையை அதற்குக் கொடுக்கச் சம்மதிக்கும் ஆசிரியர்களை இந்த மாவட்டத்திலேயே எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முன் முதல் பிரதி பள்ளிகளுக்கு வந்தால், அடுத்த குரூப் சேர்க்கையிலேயே அது பயன்படும்.

இப்படிக்கு,
வரலாற்று முதுகலை ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்